சிவப்புத் தரையில் பதிந்த கால்கள்

அந்த வருடம் புதுச்சேரியில் பாதிப் பேர் நொண்டிக்கொண்டிருந்தார்கள். சிக்குன்குனியா காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. மூட்டு வலி மட்டும் எந்த வீட்டைவிட்டும் கிளம்பவில்லை. முத்தியால்பேட்டையில் இருதயமேரி வாசலில் நாற்காலி போட்டு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

இருதயமேரி போலீசில் ஏட்டாக இருந்து, உடம்பு முடியாமல் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவள். ஸ்டேஷனுக்குப் போக விரும்பாதவர்கள் அவளிடம் வருவார்கள். வராதவர்களைக் காத்தவராயன் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவான்.

"மேரியக்கா, கேஸு!" என்று இறங்கும்போதே கத்தினான்.

"மெதுவாச் சொல்லு. கேஸுன்னா தெருவே வந்து உட்காரும்."

பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல புடவைதான், ஆனால் கொசுவத்தில் பழுப்பு முடிகள் ஒட்டியிருந்தன. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை செய்வதாகவும், பெயர் ஹேமலதா என்றும் சொன்னாள். கைப்பையின் கொக்கியைத் திறக்கப் பார்த்தாள். வீங்கிய விரல்கள் வழுக்கின. மறுபடி முயன்றுவிட்டுப் பையைக் காத்தவராயனிடமே நீட்டினாள். அவன் திறந்து கொடுத்தான்.

உள்ளே ஒரு போட்டோ இருந்தது. பழுப்பு நிறப் பெட்டை நாய். காது நுனியில் சிறு வெட்டு.

"கருத்தடை பண்ணின நாய்க்கு அடையாளமா அப்படி வெட்டுவாங்க" என்றாள் ஹேமலதா. "காலாப்பட்டு போற வழியில ஒரு தோப்புல இடம் எடுத்து நாய்ங்களை வச்சிருக்கோம். ரோட்டுல அடிபட்டது, வீட்டுல வேணாம்னு விட்டது, எல்லாம். சம்பளக்காரங்க யாரும் கிடையாது. நான், லைன்மேன் ஹரிகிருஷ்ணன், ரொட்டிக் கடையில வேலை செய்யுற ரூபி. தினமும் வர்றது நாங்க மூணு பேருதான். உடம்பு தேறினதும் நல்ல வீடாப் பார்த்துக் குடுத்துடுவோம்."

"நல்ல வேலைதானே. பிரச்சினை எங்க?"

"குடுத்த நாய் காணாமப் போகுது. மூணு வீட்டுல போயிடுச்சு. கதவை யாரும் உடைக்கல. செயினைக்கூட எடுக்கல. நாயை மட்டும் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க."

முதல் நாய் ஒரு கிடங்குக்காரரிடம் இருந்தது. இரண்டாவது, வீடு கட்டும் இடத்தில் காவலுக்கு இருந்தது. மூன்றாவதுதான் போட்டோவில் இருந்த பிஸ்கட். போன வாரம் நெல்லித்தோப்பில் ஒரு வீட்டிலிருந்து போய்விட்டது.

"கிடங்குக்காரரு ஊரெல்லாம் சொல்றாரு. இவங்களே குடுப்பாங்களாம், இவங்களே திருடி வெளியூர்ல விப்பாங்களாம். போலீசுக்குப் போறேங்கிறாரு." அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படும் கட்டத்தைத் தாண்டி வந்தவளைப் போலப் பேசினாள். "தோப்புக்காரரு மனை போடப் போறாரு. பொங்கலுக்குள்ள காலி பண்ணணும். ஞாயித்துக்கிழமை பீச்சுல முகாம் வைக்கிறோம், மிச்ச நாய்ங்களுக்கு வீடு தேட. திருட்டுப் பேரோட போனா யாரு கை நீட்டுவாங்க? அதுங்க மறுபடி ரோட்டுக்குத்தான் போகணும்."

"குடுத்த வீடு சரியில்லன்னு தெரிஞ்சா திரும்ப வாங்கிப்பீங்களா?"

ஹேமலதா தலையைக் குனிந்துகொண்டாள். "முன்னெல்லாம் வாங்கினோம். இப்ப இடமில்ல. குடுத்தது குடுத்ததுதான்னு நான்தான் சொல்லிட்டேன்."

இருதயமேரி தைலப் புட்டியை மூடினாள். "ஆட்டோவைத் திருப்பு, காத்து. நெல்லித்தோப்பு."

*

நெல்லித்தோப்பில் மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருந்தது அந்த வீடு. சாமிக்கண்ணுவும் அவர் மனைவி பார்வதியும் மட்டும்தான். சாமிக்கண்ணு மில்லில் வேலை பார்த்தவர். இப்போது வீங்கிய கணுக்காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் புதிதாகப் போட்ட சிவப்பு சிமெண்ட் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. வாசல்படியிலிருந்து அவர் உட்கார்ந்திருந்த இடம்வரை நாயின் காலடிகள் அழுத்தமாகப் பதிந்து, அப்படியே இறுகிப்போயிருந்தன.

"பார்த்தியாம்மா செல்லி செஞ்ச வேலையை?" என்றாள் பார்வதி.

"செல்லியா? பிஸ்கட்டுன்னு சொன்னாங்களே."

"பிஸ்கட்டுன்னு யாராச்சும் பொண்ணுக்குப் பேரு வைப்பாங்களா? செல்லின்னு கூப்பிட்டேன், வந்துச்சு. கொத்தனாரு பூசிட்டு டீ குடிக்கப் போன நேரம், இவரு கால்கிட்ட வந்து படுக்கணும்னு நேரா நடந்து வந்துடுச்சு. தினம் அந்தக் காலு மேலதான் தலையை வச்சுப் படுக்கும். வலிக்கு எதமா இருக்குதுன்னு இவரும் விட்டுடுவாரு. அப்புறம் தரை காயிற வரைக்கும் ரெண்டு மூணு நாளு மேல மாடியில கட்டி வச்சோம். பாவம், ஒரே அழுகை. இவரு காலை இழுத்துக்கிட்டுப் படியேறிப் போயி அதுகூட உட்கார்ந்திருந்தாரு."

"சாயங்காலத்துலதான். பகல்ல வெயில்ல என்னால முடியல" என்றார் சாமிக்கண்ணு. அவ்வளவுதான் பேசினார்.

"கொத்தனாரு திரும்பப் பூசித் தரலையா?" என்று கேட்டான் காத்தவராயன்.

"தர்றேன்னாரு. நாங்கதான் வேணாம்னுட்டோம்."

நாய் காணாமல் போன அன்று இருவரும் மூட்டு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். கொல்லையில் கொய்யா மரத்தடியில் கட்டிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தால் நாய் இல்லை.

இருதயமேரி கொல்லைக்குப் போனாள். படலைத் தள்ளினாலே சந்திலிருந்து உள்ளே வந்துவிடலாம். கொய்யா மரத்தில் செயின் சுற்றியபடியே இருந்தது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது.

"அக்கா, கிண்ணம்!" என்றான் காத்தவராயன். "தண்ணியைக் கொட்டிக் கவுத்துட்டுப் போயிருக்கான். சுத்தக்கார திருடன்!"

"கொசுவுக்குப் பயந்து இந்த ஊருல எல்லாரும் எல்லாத்தையும் கவுத்துத்தான் வைக்கிறாங்க. உன் வீட்டுல உன்னை மட்டும்தான் இன்னும் கவுக்கல."

"அதை நான்தான் கவுத்தேன்" என்று உள்ளிருந்து பார்வதி சொன்னாள். "செயினை நாங்க தொடல. இருந்தது இருந்தபடி இருக்கு."

இருதயமேரி செயினின் நுனியைக் கையில் எடுத்தாள். நாயின் கழுத்துப்பட்டையில் மாட்டும் கொக்கி, தரையில் கிடக்காமல், செயினின் வளையத்திலேயே மாட்டியிருந்தது. அவள் அதைத் திறந்து பார்த்தாள். கட்டைவிரலை நன்றாக அழுத்தினால்தான் திறந்தது. மறுபடி மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

சமையலறை வாசலில் ஒரு அலுமினியத் தட்டு கழுவி வைக்கப்பட்டிருந்தது. அது யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

*

தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது நாய்களின் சத்தத்தில் காத்தவராயன் ஆட்டோவைவிட்டு இறங்கவே யோசித்தான். ஹரிகிருஷ்ணன் ஒரு கறுப்பு நாயைக் குளிப்பாட்டி முடித்துக் கூண்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். நாயை அவிழ்த்ததும், கை தானாகவே கொக்கியைச் செயினின் வளையத்தில் மாட்டியது.

"ஏன் சார் அப்படி மாட்டுறீங்க?" என்றாள் இருதயமேரி.

"திறந்த கொக்கி கீழ கிடந்தா இன்னொன்னு கடிச்சு இழுக்கும். ஒரு குட்டிக்கு நாக்கே கிழிஞ்சு போச்சு. அதுலேர்ந்து எங்க மூணு பேருக்கும் இது பழக்கம். தூக்கத்துலகூட மாட்டுவோம்." அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "என்னைச் சந்தேகப்படுறீங்களா? படுங்க. நாய் காணாமப் போன அந்தக் கிடங்குக்காரனை நேருக்கு நேரா திட்டினவன் நான்தான். ஒரு முழம் செயினுல கட்டி வச்சிருந்தான். வீடு கட்டுற இடத்துலயும் நாய்க்குச் சோறு தண்ணி வைக்கல."

"நெல்லித்தோப்பு வீடு?"

"அது கோயில் மாதிரி வீடும்மா. அவங்களுக்குக் கொத்தனாரையே நான்தான் அனுப்பினேன். செல்லி மிதிச்சுக் கெடுத்துட்டுதுன்னு அவன் என்கிட்ட வந்து புலம்புனான்."

காத்தவராயன் இருதயமேரியின் காதில், "ஆள் பைக்கு வச்சிருக்காரு. பைக்குல பெட்டியும் இருக்கு. இவருதான்க்கா" என்றான்.

"உன் ஆட்டோவுலயும் இடம் இருக்கு. நீயாவும் இருக்கலாம்."

ரூபி தகரக் கொட்டகைக்குப் பின்னால் பெரிய சட்டியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுப் பெண். தலையில் துண்டு கட்டியிருந்தாள். அவளைச் சுற்றிக் காலில்லாத நாய்களும் கண்ணில்லாத நாய்களும் படுத்திருந்தன. மற்ற இருவரையும்விட அவள் பக்கத்தில்தான் அவை அமைதியாக இருந்தன.

"வெறும் கஞ்சிதானா?" என்றாள் இருதயமேரி.

"முன்ன இவ கடையிலேர்ந்து பழைய ரொட்டி கொண்டு வருவா" என்று ஹேமலதா பின்னாலிருந்து சொன்னாள். "அதைப் பிச்சுப் போட்டா நிறைஞ்சுடும். இப்ப முதலாளி தர்றதில்லையாம்."

ரூபி நிமிரவில்லை. "ஆமா. நிறுத்திட்டாங்க."

"குடுத்த வீட்டையெல்லாம் நீ போய்ப் பார்க்குறது உண்டா?"

"போயிட்டிருந்தேன். ஹேமாக்கா குடுத்தது குடுத்ததுதான்னு சொன்னதுக்கப்புறம் எதுக்குப் போகணும்? பார்த்துட்டு வந்து அழவா?"

"பிஸ்கட் இருந்த வீட்டுக்குப் போனியா?"

"இல்ல. அதை ஹரி சார்தான் கொண்டு போய் விட்டாரு." கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு வேகமாகச் சுழன்றது. "ஆனா எல்லா வீடும் ஒன்னுதான் மேடம். வாங்குறப்ப புள்ளை மாதிரி பார்த்துக்குறோம்பாங்க. அப்புறம் மொட்டை மாடியில பைப்புல கட்டிட்டு, வெயில்ல கத்தட்டும்னு விட்டுடுவாங்க. எத்தனை பார்த்துட்டேன்."

"சரி" என்றாள் இருதயமேரி. "வீடு எங்கம்மா உனக்கு?"

"டவுன்ல. வீட்டுக்கார ஐயாவை முசியேன்னுதான் கூப்பிடுவோம், அவரு வீட்டுப் பின்கட்டுல நானும் அம்மாவும் இருக்கோம். அவங்க குடும்பமே பிரான்சுல. வக்கான்சுக்கு, லீவுக்கு, வந்தா வருவாங்க, ரெண்டு வருசமா அதுவும் இல்ல. சாயங்காலம் போயி சன்னலைத் திறந்து மூடணும், இல்லாட்டி கரையான் வந்துடும்."

திரும்பும் வழியில் இருதயமேரி ஆட்டோவை ரூபியின் ரொட்டிக் கடை முன் நிறுத்தச் சொன்னாள். நீள ரொட்டி ஒன்று வாங்கினாள். கல்லாவுக்குப் பக்கத்தில் வாய் கட்டிய கோணிப்பை ஒன்று சாய்ந்திருந்தது.

"அதுல என்ன, பழைய ரொட்டியா?"

"ஆமாங்க. நேத்து மிஞ்சினது" என்றார் முதலாளி. "நாய்க்குப் போடுற பொண்ணு எடுத்துக்கிட்டுப் போவும். தினம் அதுக்குன்னு கட்டி வச்சுடுவோம்."

காத்தவராயன் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தான். அவன் வாய் திறந்தே இருந்தது.

"வாயை மூடு, ஈ போயிடும்" என்றாள் இருதயமேரி. ரொட்டியைப் பிய்த்து அவனுக்குப் பாதி கொடுத்தாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை. கால்தான் வலித்தது.

*

மறுநாள் காலையில் சாமிக்கண்ணுவின் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஹேமலதா ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஹரிகிருஷ்ணன் கதவருகே சாய்ந்து நின்றார். ரூபி வாசலிலேயே தயங்கி நின்றாள். பார்வதி கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, காபி கொடுத்தாள். இருதயமேரிக்கு மட்டும் நாற்காலி.

"நான் சுத்தி வளைக்கல, முழங்கால் விடாது" என்று அவள் ஆரம்பித்தாள். "மூணு வீட்டுலயும் செயின் அப்படியே இருந்துச்சு. இந்த வீட்டுல கொக்கி எங்க மாட்டியிருந்துச்சு தெரியுமா? செயினோட வளையத்துலயே. வேத்தாளு நாயைத் திருடினா ஒன்னு செயினோட இழுத்துட்டுப் போவான், இல்ல, அவுத்துப் போட்டுட்டு ஓடுவான். அவசரத்துலயும் கொக்கியை வளையத்துல மாட்டுறது தோப்புல வேலை செய்யுற மூணு பேருக்குத்தான் பழக்கம்."

ஹரிகிருஷ்ணன் நிமிர்ந்தார். ஹேமலதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஹேமாவால அந்தக் கொக்கியைத் திறக்க முடியாது. அவளோட கைப்பையையே காத்தவராயன்தான் திறந்தான்."

"ஆமா, நான்தான் திறந்தேன்" என்றான் காத்தவராயன் பெருமையாக.

"அப்ப மிச்சம் ரெண்டு பேரு. இப்ப எதுக்கு எடுத்தாங்கன்னு பார்க்கணும். விக்கிறதுக்கு இல்ல. காது வெட்டின தெருநாயை எவன் வாங்குவான்? கிடங்குல ஒரு முழம் செயினு. கட்டடத்துல சோறு தண்ணி கிடையாது. ரெண்டும் கெட்ட இடம். அங்கேர்ந்து நாயைக் காப்பாத்தணும்னு ஒருத்தருக்குத் தோணியிருக்கு. தோப்புல திரும்ப வாங்க மாட்டோம்னு சொல்லிட்டதால, திருடத்தான் வேண்டியிருந்துச்சு. ஆனா இந்த வீட்டை எதுக்குத் தொடணும்? அதுதான் எனக்குப் புரியல."

அவள் தரையைக் காட்டினாள்.

"இந்தத் தரை ஈரமா இருந்தப்ப செல்லி நடந்துட்டா. காயிறவரைக்கும் ரெண்டு மூணு நாளு மாடியில கட்டிப் போட்டாங்க. அதுக்கு முன்னாடியும் கட்டல, பின்னாடியும் கட்டல. அந்த நாள்ல சந்துல போன ஒருத்தரு நிமிர்ந்து பார்த்திருக்காங்க. நாய் வெயில்ல கத்துது. இதுவும் அதே மாதிரி வீடுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஹரி சாராயிருந்தா அப்படி நெனைச்சிருக்க மாட்டாரு. கொத்தனாரை அனுப்பினவரே அவருதான், நாய் ஏன் மேல இருக்குன்னு அவருக்குத் தெரியும்."

யாரும் ரூபியைப் பார்க்கவில்லை. அதனாலேயே எல்லோரும் அவளைப் பார்ப்பது போலிருந்தது.

"நெல்லித்தோப்பு வீட்டைப் பத்தித்தான் நான் உன்கிட்ட கேட்டேன் ரூபி. போகவே இல்லைன்னு சொன்ன. ஆனா மாடி, பைப்பு, வெயிலுன்னு உன் வாயில வந்துச்சு. அந்தக் கோலத்துல அந்த நாயைப் பார்த்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேரு. அப்புறம் ரொட்டி. முதலாளி நிறுத்தல. தினம் ஒரு கோணி உனக்குத்தான் போகுது. அது தோப்புக்கு வரலன்னா வேற எங்கயோ மூணு வாயிருக்கு. ஆளில்லாத பெரிய வீட்டுச் சாவி உன் இடுப்புல இருக்கு."

ரூபி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து, வழி சொல்லி, காத்தவராயனிடம் நீட்டினாள்.

"முசியே வீட்டு முற்றத்துல இருக்குங்க. கறுப்பு கடிக்கும், பேரு சொல்லிக் கூப்பிடுங்க, ராணி. பிஸ்கட்டை மட்டும் கொண்டு வாங்க."

ஆட்டோ சத்தம் சந்தைத் தாண்டிப் போனது.

"கிடங்கு வீட்டைப் பத்தி உங்ககிட்ட சொன்னேன்" என்றாள் ரூபி, ஹேமலதாவைப் பார்க்காமலே. "ரெண்டு தடவை சொன்னேன்."

"சொன்ன."

"அப்புறம் எங்க பார்த்தாலும் எனக்கு அதுதான் தெரியுது. நல்ல வீடுன்னு ஒன்னு இருக்கும்னே தோணல. போன மாசம் மார்க்கெட்டுக்கு வந்தேன். மேல பார்த்தா என் பிஸ்கட்டு கத்துது. உள்ள வந்து கேட்டிருக்கலாம். கேக்கல. கேட்டா என்ன சொல்வாங்கன்னு எனக்கே தெரியும்னு நெனைச்சுட்டேன். அப்புறம் தினமும் இந்தச் சந்து வழியாத்தான் போனேன். இவங்க வெளியில கிளம்பின அன்னிக்குப் பின்பக்கமா வந்துட்டேன்."

"எங்களைப் பத்தி எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு நீயே கேள்வி கேட்டு நீயே பதில் சொல்லிக்கிட்டியா?" என்றாள் பார்வதி. திட்டத்தான் தொடங்கினாள். ரூபியின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டுவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆட்டோ திரும்பி வந்தது. காத்தவராயனின் சட்டை முழுக்க முடி. "ராணி என்னைக் கடிக்கல, நக்கிட்டா!" என்று அறிவித்தான். அவன் சொல்லி முடிப்பதற்குள் பழுப்பு நாய் குதித்து இறங்கியது. முதலில் ரூபியிடம் போய் அவள் மடியை மோந்து, வாலை ஆட்டியது. ரூபி அதைப் பிடிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பிறகு நாய் கூடத்தைக் கடந்து நேராக நடந்தது. தரையில் இறுகியிருந்த தடங்களின் மேலேயே போய், சாமிக்கண்ணுவின் வீங்கிய கணுக்காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. சாமிக்கண்ணு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வந்துட்டியாடி ஊர்சுத்தி?" என்ற பார்வதியின் குரல் சமையலறையிலிருந்து வந்தது. அலுமினியத் தட்டு எடுக்கப்படும் சத்தமும் கேட்டது.

ஹேமலதா எழுந்து நின்றாள். "மத்த ரெண்டையும் நான் தோப்புக்குக் கொண்டு போறேன். கிடங்குக்காரருக்குத் திருப்பித் தர மாட்டேன். அவரு போலீசுக்குப் போகட்டும்."

"போனா எந்த ஸ்டேஷன்னு சொல்லு, நானும் வர்றேன்" என்றாள் இருதயமேரி. "எனக்கு ஒரு நாற்காலி மட்டும் போடச் சொல்லு."

"ஞாயித்துக்கிழமை என்ன சொல்றது?" என்றார் ஹரிகிருஷ்ணன். "திருடுன்னுதானே ஊரெல்லாம் பேச்சு?"

சாமிக்கண்ணு திரும்பினார். "செல்லியைக் கூட்டிக்கிட்டு நாங்களும் பீச்சுக்கு வர்றோம். யாராச்சும் கேட்டா திருடு போகல, பொறந்த வீட்டுக்குப் போயிட்டு வந்துச்சுன்னு சொல்லுவேன்."

காத்தவராயன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை, ஆனால் கூடத்தில் இறுக்கம் தளர்ந்தது.

ரூபி வாசல்படிக்கருகே குந்தி உட்கார்ந்திருந்தாள். முதல் தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சிமெண்ட் குளிர்ந்திருந்தது.

"ஏம்மா, இதைத் திரும்பப் பூசாம விட்டீங்க?" என்று கேட்டாள்.

சோற்றுத் தட்டோடு வந்த பார்வதி அந்தக் கேள்வியே புரியாதவள் போல அவளைப் பார்த்தாள். "எதுக்குப் பூசணும்? நல்லாத்தானே இருக்கு."

ரூபி தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின. ஹேமலதா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்காருவதற்கு அவளுக்கு நேரமாயிற்று. முழங்காலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, மெதுவாக.

"ஞாயித்துக்கிழமை எத்தனை பேரு நாய் கேட்டு வந்தாலும் வீடு பார்க்க நீதான் போற" என்றாள். "கெட்ட வீடுன்னா வந்து சொல்லு. இனிமே திரும்ப வாங்கிக்கலாம், இடத்தை எப்படியாச்சும் பார்க்கலாம். ஆனா தெருவுல நின்னு பார்க்காத ரூபி. உள்ள போ."